பிரேக் பிடிக்கும் கால்

சூரை மீன் ஏலம் சூடு பிடிக்குமுன்
காசிமேட்டிலிருந்து கிளம்பினால்
திருவொற்றியூர் போய்த் திரும்ப ஒன்பது கிலோமீட்டர்.
இடப்பக்கம் கண்டெய்னர் லாரிகள், தூங்கும் கிளீனர்கள்.
வலப்பக்கம் கருங்கல். அதற்கப்பால் கடல்.

இரண்டு வருஷம் ஓடினேன்
ஓடுவதில் கற்க என்ன இருக்கிறது என்று.
பிறகு வந்தது
முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பில்,
விரல் பட்டால் அலறும் ஒரு ஜாண் கோடு.
மாடிப்படி இறங்கும்போது
உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாளை இழுப்பார்கள்.

ஷூ மாற்றினேன். மூவாயிரத்து இருநூறு ரூபாய்.
புது ஷூவில் ஏறி
வலியும் கூடவே வந்தது.

தவுலத் செல்போனில் படமெடுத்தாள்.
டீக்கடை பெஞ்சில் அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம்.
திரையில் நான்:
தோள் இரண்டும் காதருகே ஏறி நிற்க,
கைகள் மார்புக்குக் குறுக்கே
கூட்டத்தை விலக்குவது போல வீச,
வலது கால் எனக்கு ஒரு முழம் முன்னால் போய்
குதிகாலை ஊன்றி
என்னையே நிறுத்துகிறது.

"அடிக்கு அடி பிரேக் போடுறியேடி" என்றாள்.
போன மாதம்தான்
ஸ்கூட்டிக்குப் பிரேக் கட்டை மாற்றியவள்.

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
ஒன்பது கிலோமீட்டருக்குச் சுமார் ஒன்பதாயிரம் அடி.
ஒன்பதாயிரம் முறை கிளம்பி
ஒன்பதாயிரம் முறை நின்றிருக்கிறேன்.
இதற்கு அந்த எலும்பு
இத்தனை நாள் பொறுத்ததே பெரிது.

இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது.
சோறு வேகும் நேரத்தில்
வாசற்படி விளிம்பில் முன்பாதம் ஊன்றி
குதிகாலைத் தூக்கி, மெல்ல இறக்கி,
பதினைந்து. மறுபடி பதினைந்து.
மூன்றாவது விசிலுக்குக் கெண்டைக்கால் நடுங்கும்.

பிறகு
கால் விழவேண்டிய இடத்தைத் தேடினேன்.
இடுப்புக்கு நேர் கீழே.
சொல்லிவிடலாம்.
காலைப் பார்த்தால் கழுத்து குனிகிறது,
கழுத்தை நிமிர்த்தினால்
கையை உதறிய குழந்தையாய்
கால் முன்னே ஓடிவிடுகிறது.

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த ஒரு காலை.
சரக்கு ரயில், முடிவதாகத் தெரியவில்லை.
உடம்பு ஆறிவிடுமே என்று
நின்ற இடத்திலேயே கால் மாற்றினேன்,
சக்கரம் தண்டவாள இணைப்பைத் தட்டும் தாளத்துக்கு.
தட தட தட தட.
பைக்காரர்கள் பார்த்தார்கள். ஒருவர் ஹாரன் அடித்தார்.
அப்போதுதான் தெரிந்தது:
நின்ற இடத்தில் ஓடுகிறவளால்
காலை முன்னே நீட்டவே முடியாது.

கேட் ஏறியது.
அந்தத் தாளத்தை விடாமல்
கணுக்காலிலிருந்து ஒரு விரற்கடை சாய்ந்தேன்.
இடுப்பை மடக்காமல், வெறுமனே சாய்ந்தேன்.
தெரு தானாகப் பின்னால் நகர்ந்தது.

இப்போது நிமிடத்துக்கு நூற்றறுபத்தெட்டு.
முன்பு நூற்றைம்பத்திரண்டு.
சின்னச் சின்ன அடி. உள்ளங்கையில்
உடையாத அப்பளம் இருப்பது போலத் தளர்ந்த விரல்கள்.
நேரம் நான்கு நிமிடம் கூடியிருக்கிறது,
தவுலத்திடம் சொல்லவில்லை.
ஐஸ் ஃபேக்டரி நாய்
என் சப்பு சப்பு சத்தத்துக்கு எழுந்து குரைக்கும்.
நேற்று ஒரு கண்ணைத் திறந்தது,
மூடிக்கொண்டது.

இன்று துறைமுக வாசலில்
தலையில் மீன் கூடையோடு தேசம்மா.
குறுகலான வேக அடி. கழுத்து அசையவில்லை.
ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு தெறிக்கவில்லை.
பின்னாலேயே போனேன்,
அவள் அடிக்கு என் அடி வைத்து.

"இன்னா, பின்னாடியே வர்ற?"

"உங்க நடையைப் பார்க்கிறேன்."

சிரித்தாள். ஒரு கையால் கூடையைப் பிடித்து
மறுகையால் சேலையைக் கொஞ்சம் தூக்கினாள்.
முட்டியில் அழுக்கேறிய கிரேப் பேண்டேஜ்.

"இத்தையும் பாத்துக்க" என்று
அதே அடியில் போய்விட்டாள்.
நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன்.